தடைக்காலத்தில் ஒரு விளம்பரம்

போட்டிக்குக் கொடுத்த பொருள் கை கழுவும் திரவம்.
நிறம் பச்சை. சீட்டில் எலுமிச்சைப் படம்,
முகர்ந்தால் புதுச் செருப்புக்கடை.
இருபது பக்கக் குறிப்பில் பதினொன்றாம் பக்கம்
'இலக்கு: தினமும் மீன் தொடும் பெண்' என்றது.
படித்ததும் நாங்கள் நாலு பேரும்
சேர்ந்தாற்போல் கலைவேந்தனைப் பார்த்தோம்.

அவன் சோனங்குப்பம்.
அம்மா அஞ்சலாட்சி துறைமுகத்தில் ஏலமெடுத்து
மஞ்சக்குப்பத்தில் விற்கிறவர்.
"அப்படிப் பாக்காதீங்கடா" என்றான்.
கொஞ்சம் பொறுத்து, "ஞாயித்துக்கிழமை வாங்க."

படம் ஹாஜிரா. கணக்கு லூர்துராஜ்.
மேடையில் பேச நிவேதினி.
வாசகம் நான்.
வாசகம் என்றால் எங்கள் அகராதியில்
ஆறு சொல்லைத் தாண்டாத பொய்.

படகுகள் கரையில் மூக்கைப் புதைத்துக் கிடந்தன.
தடை தொடங்கிப் பத்தொன்பதாம் நாள்;
எங்களுக்கு அது உறைக்கவில்லை,
தெரிந்தவன் சொல்லவில்லை.
ஹாஜிரா வெள்ளைத்துணி விரித்தாள்.
ரேகை பார்க்கக் கொடுப்பதுபோல்
அஞ்சலாட்சியம்மா கையை நீட்டினார்.
கட்டைவிரலில் செதில் கிழித்த பழைய கோடு.
"வாசம் தெரியற மாதிரி எடுக்கணும்" என்றாள் நிவேதினி.
அவர் தன் கையைத் தானே முகர்ந்து சிரித்தார்:
"ஏது வாசம்? போட்டு கடலுக்குப் போயி பத்தொம்பது நாளு.
இந்தக் கை நாறலன்னா
வீட்ல உலை கொதிக்கலன்னு அர்த்தம், கண்ணு."

அன்றிரவு அதைக் கைபேசியில் அடித்தேன்.
எனக்குக் கிடைத்த ஒரே நல்ல வாசகம்,
அதை வைத்து அந்தப் பாட்டிலில்
ஒரு சொட்டுகூட விற்க முடியாது.
குழுவில் போட்டேன். நாலு பேரும் பார்த்துவிட்டதாகக் காட்டியது.
ஒரு மணிக்கு லூர்துராஜ் மட்டும்:
"சூப்பர். ஆனா மார்க்?"
அழித்தேன்.
'கடல் வாசலோடு நிற்கட்டும்' என்று மாற்றினேன்.
எல்லோரும் கைதட்டிப் படம் அனுப்பினார்கள்.
"எங்க தெருவுல இதை வேற மாதிரி படிப்பாங்க"
என்று வேந்தன் எழுதினான்,
எழுதியதை உடனே எடுத்தும்விட்டான்.

புதுச்சேரிக்குப் பலகையை மடியில் கிடத்திப் போனோம்.
ரெட்டிச்சாவடியில் நடத்துனர்
அதற்கும் ஒரு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.
கடற்கரைச் சாலைக்கு இரண்டு தெரு உள்ளே
குளிரூட்டிய அரங்கு. கடல் கேட்கவில்லை.
பன்னிரண்டு நிமிடம் எங்களுக்கு.
ஒன்பதாவதில் நிவேதினி
சதவீதத்தைத் தலைகீழாகச் சொன்னாள்,
லூர்துராஜ் கண்ணை மூடிக்கொண்டான்.
திரையில் அந்தக் கை, இரண்டாள் உயரம்.
"மாடல் யாரு? ரொம்ப நேச்சுரல்" என்றார் நடுவர்.
வேந்தன் மைக்கை வாங்கினான்.
"லோக்கல் சார்" என்றான்.
திருப்பிக் கொடுத்தான்.

மூன்றாம் பரிசு.
ஒரு சான்றிதழ், அதே திரவம் பன்னிரண்டு பாட்டில்.
ஆளுக்கு இரண்டு போக மிச்சமிருந்த இரண்டை
வேந்தன் பக்கம் நகர்த்தினோம்.
நகர்த்திய விதம்
எங்களுக்கே பிடிக்கவில்லை.

ஜூன் கடைசியில் அவனிடமிருந்து ஒரு குரல்பதிவு.
பின்னால் ஏலக் கூச்சல், ஐஸ் உடையும் சத்தம்.
அந்த உலை வரியை நான் அதற்குள்
நோட்டில் பிரதி எடுத்து அடிக்கோடிட்டு
என்றாவது பெரிதாக எழுதுவேன் என்று வைத்திருந்தேன்.
"டேய், பச்சை பாட்டில் உன்கிட்ட இருக்கா?
இங்க நாலும் காலி.
கூட விக்கிறவங்களும் கேட்டு வாங்கிட்டாங்க.
மஞ்சக்குப்பம் பஸ்ஸுல அம்மாவுக்கு இப்ப
பக்கத்து சீட்ல ஆள் உக்காருதாம்."

எண்ணிப் பார்த்தேன். நாலே சொல்.
நோட்டை எடுக்கவில்லை.
என் இரண்டில் ஒன்று பாதி தீர்ந்திருந்தது.
மூடியை இறுக்கி இரண்டையும் பையில் போட்டேன்,
முதுநகர் பஸ் வருகிறதா என்று பார்க்கப் போனேன்.